இடி இடிச்சாலும் பிளக்கைப் பிடுங்காதீங்க

கம்பியூட்டருக்குச் சீக்கு வந்தா அத உடனே அணைக்கக் கூடாது. இதச் சொல்லிச் சொல்லியே நான் சோறு சாப்புடுறேன். கம்பியூட்டருக்குள்ள பூந்து நாச வேலை செய்யுற புரோகிராம மால்வேர்னு சொல்லுவாங்க. அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே கம்பியூட்டரோட மெமரிய அப்படியே பிரதி எடுத்து, உள்ள என்னென்ன அட்டூழியம் நடந்துச்சுன்னு தோண்டிப் பாக்குறதுதான் என் வேலை. மெமரியில இருக்குறதுக்கு ஆயுசு கரண்டு இருக்குற வரைக்கும்தான். பிளக்கைப் புடுங்குனா போச்சு, ஈரத்துணி போட்டுத் தொடச்ச கரும்பலகைதான். இதே வேலையில கிடந்து தலை நரைச்சதுக்காக எனக்குச் 'சீனியர்'னு ஒரு பட்டத்த வேற ஒட்டி வெச்சிருக்காங்க.

இப்படி ஒரு வேலை பாக்குறவ குடியிருக்கக் கூடாத ஊரு ஒன்னு இருக்குன்னா அது மலேசியாவுல எங்க ஈப்போதான். மத்தியானம் ஆச்சுன்னா வானம் கறுத்துடும். சுண்ணாம்பு மலையில முட்டி முட்டி இடி உருளும். மொத இடி கேட்டதுமே ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஆளு எழுந்து ஓடும் பாருங்க! டிவி பிளக், ஐஸ்பெட்டி பிளக், வைஃபை பெட்டி, மீன் தொட்டி, எல்லாம் புடுங்கியாகணும். சீனவங்க வீடு, மலாய்க்காரங்க வீடு, நம்ம வீடு, இந்த விசயத்துல மட்டும் ஒத்துமையோ ஒத்துமை. இந்த ஊருல ஒரு புள்ள நடக்கப் பழகுற வயசுலயே பிளக்கைப் புடுங்கவும் பழகிடும்.

எங்க வீடு செமோர்ல, ரப்பர் பால் மரத்தையெல்லாம் தள்ளிட்டுக் கட்டுன ஒரு தாமான் குடியிருப்புல. நான் வீட்டுல இருந்துதான் வேலை பாக்குறேன். இடிச் சத்தம் கேட்டா எங்கம்மா கதவக்கூடத் தட்டாம என் ரூமுக்குள்ள வருவாங்க. சுவத்துல என்னென்ன தொங்குதோ அத்தனையையும் புடுங்குவாங்க. "நல்ல வேள நான் இருந்தேன், இல்லன்னா கருகியிருக்கும்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடுவாங்க. பாதி நாளா ஓடவிட்டுப் புடிச்சு வெச்சிருந்த மால்வேர் அந்த நொடியில ஆவியாப் போயிருக்கும். அறிக்கையில "தடங்கலுக்குக் காரணம்: அம்மா"ன்னு எழுதுன ஒரே ஆராய்ச்சியாளர் உலகத்துலயே நானாத்தான் இருப்பேன். கோவம் தலைக்கேறும். ஆனா அவங்க சொல்றதையும் தப்புன்னு சொல்ல முடியாது. சண்டை போட்டு ஜெயிச்ச ஒரே தடவ, வைஃபை பெட்டி என் கண்ணு முன்னாலயே புகைஞ்சு போச்சு.

சரி, கதைக்கு வாரேன்.

குனோங் ராபாட்ல ஒரு அண்ணன் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காரு. ராமநாதபுரம் பக்கத்துல இருந்து இள வயசுல வந்து, மாமன் கடையில தட்டு கழுவி, அப்புறம் தனியாக் கடை போட்டவரு. ஞாயித்துக்கெழம எனக்குப் பசியாற அவரு கடைதான். ரொட்டி கேட்டா ரொட்டி வரும், அதோட அவரு மவ படிப்பு பத்துன கதையும் வரும். ரொட்டிக்குக் காசு, கதை சும்மா. மவ காம்பார்ல யூனிவர்சிட்டியில உணவு அறிவியல் கடைசி வருசம் படிச்சிக்கிட்டு இருந்தா. அவங்க வம்சத்துலயே யூனிவர்சிட்டி வாசலத் தாண்டுன மொத ஆளு அவதான். பக்கத்து மேசையில இருக்குறவருக்கு அது தெரியாம இருந்துச்சுன்னா, அவரு தே குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தெரிஞ்சுக்குவாரு.

ஒரு புதன்கெழம மத்தியானம் அண்ணன் போன் போட்டாரு.

"தங்கச்சி, புள்ள அழுவுது."

"ஏண்ணே? யாரு என்ன சொன்னா?"

"யாரும் சொல்லல. கம்பியூட்டர் சொல்லுச்சு."

புள்ளயக் கூப்புடுங்கன்னேன். விக்கி விக்கி அழுதுக்கிட்டே விசயத்தச் சொன்னா. கடைசி வருச ஆராய்ச்சிக் கட்டுரைய வெள்ளிக்கெழம ஒப்படைக்கணும். அத எழுதி முடிக்கத்தான் லீவு போட்டு வீட்டுக்கு வந்திருக்கா. கணக்குப் போடுற சாப்ட்வேர் ஒன்னு தேவைப்பட்டிருக்கு. காசு குடுத்து வாங்க மனசில்லாம, தோழி அனுப்புன திருட்டுக் காப்பியப் போட்டிருக்கா. அதுக்குள்ள ஒளிஞ்சிருந்த பூதம் வெளிய வந்து, கட்டுரை, சோதனை முடிவு, படம்னு எல்லாத்தையும் பூட்டிடுச்சு. சாவி வேணும்னா பணம் குடுன்னு திரை முழுக்கச் செவப்புல எழுதி நிக்குது. வெள்ளிக்கெழமைய விட்டா அந்தப் பாடம் பெயில். பட்டம் அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போயிடும்.

"வேற பிரதி இல்லையாம்மா?"

"பென்டிரைவ்ல இருக்குக்கா."

"அப்பாடா! அது எங்க இருக்கு?"

"லேப்டாப்புலதான் குத்தியிருக்கு."

நான் நெத்தியில அடிச்சுக்கிட்டேன். அதையும் சேத்துப் பூட்டியிருக்கும். இணையத்துல சேமிக்கிற எடம் நெறைஞ்சு போச்சுன்னு ஹரிராயா பெருநாளோட விட்டுட்டாளாம். மேற்பார்வையாளருக்கு அனுப்புனது மொத ரெண்டு அத்தியாயம்தான். அது ஊர்ல எல்லாரும் எழுதுற முன்னுரை. பாடுபட்டதெல்லாம் பூட்டுக்குள்ள.

"சரி, அழாத. லேப்டாப் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? அணைக்காத. மூடாத. பேட்டரி எவ்வளவு நிக்கும்?"

"பேட்டரி செத்துப் பல மாசம் ஆச்சுக்கா. பிளக்குல இருந்தாத்தான் ஓடும்."

அலாமாக்! இந்த ஜாதி மால்வேர் பூட்டு போடும்போது அதுக்கான சாவிய மெமரியிலதான் கையில வெச்சிருக்கும். அது இன்னும் ஓடிக்கிட்டு இருந்தா, அதிர்ஷ்டம் இருந்தா, கையப் புடிச்சுச் சாவியப் புடுங்கிடலாம். கரண்டு போனா கையும் இல்ல, சாவியும் இல்ல. நான் அண்ணன்கிட்ட போனக் குடுக்கச் சொல்லி, கண்டிப்பாச் சொன்னேன்: "வைஃபை பெட்டிய மட்டும் அணைங்க. லேப்டாப்ப ஒரு ஈ காக்கா தொடக் கூடாது. நான் இப்பவே வாரேன்."

செமோர்ல இருந்து காரு எடுத்தப்பவே வடக்க வானம் கறுத்திருந்துச்சு. ஈப்போவத் தாண்டுறப்ப மலை உச்சி மேகத்துக்குள்ள போயிடுச்சு. சிவப்பு விளக்குல நிக்கிறப்ப எல்லாம் வானத்தப் பாத்து, "இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கடா சாமி"ன்னு பேசிக்கிட்டே போனேன். பக்கத்து மோட்டார்சைக்கிள்காரரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு.

கடைக்குள்ள போனா, கல்லாவுக்குப் பின்னால இருக்குற மேசையில லேப்டாப். அது மேல, பலகாரத்துல ஈ மொய்க்காம இருக்கக் கவுத்து வைக்கிற பெரிய வலைக்கூடை. பக்கத்துல நாக்காலி போட்டு அண்ணன் காவல்.

"என்னண்ணே இது?"

"நீதானே தங்கச்சி, ஈ கூடத் தொடக் கூடாதுன்னு சொன்ன?"

சிரிக்கிற நெலமையில நான் இல்ல. கூடையத் தூக்குனேன். செவப்புத் திரையில ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் மெதுவாக் கேட்டாரு, "கேக்குறதக் குடுத்துருவோமா?"

"குடுத்தா சாவி தருவான்னு என்னண்ணே நிச்சயம்? மூஞ்சி தெரியாத களவாணி."

"அதுவும் சரிதான்," அப்படின்னாரு. ஆனா முகம் அப்படிச் சொல்லல.

நான் கொண்டுபோன பென்டிரைவையும் பெரிய டிஸ்க்கையும் குத்தி, மெமரியப் பிரதி எடுக்குற வேலைய ஆரம்பிச்சேன். பழைய லேப்டாப். ஆம வேகத்துல கோடு நகருது. அப்பத்தான் பாத்தேன், சுவத்துல பிளக் தொங்கிக்கிட்டு நிக்குது. ஓட்டை லூசாகி, ஒரு பக்கம் சாஞ்சு, இப்பவோ அப்பவோன்னு. "இது எப்பவும் இப்படித்தான் தங்கச்சி, லேசாக் கைய வெச்சு அமுக்கிக்கணும்"னாரு அண்ணன். இத எப்ப சொல்லலாம்னு இருந்தாரோ தெரியல.

மொத இடி விழுந்துச்சு.

கடையே எழுந்திருச்சுது. ரொட்டி போடுற மாஸ்டர் கரண்டியப் போட்டுட்டு ஓடுனாரு. ஐஸ்பெட்டி, டிவி, மாவு மெசினு, பழச்சாறு மெசினு, எல்லாத்தையும் கண்ண மூடிக்கிட்டே புடுங்குவாரு போல. ஒரு வாடிக்கையாளரு, தட்டுல கோழி பாதி இருக்க, எழுந்து போயி மீன் தொட்டி பிளக்கைப் புடுங்கிட்டு வந்து மறுபடி உக்காந்தாரு. யாரும் அவரக் கேக்கல. அதுதான் முறை. மாஸ்டர் அதே வேகத்துல கல்லாப் பக்கம் வந்து, எங்க பிளக்குக்குக் கைய நீட்டுனாரு.

"தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்!"

கத்துனது நான்தான். கடையே திரும்பிப் பாத்துச்சு. மாஸ்டர் கைய அந்தரத்துலயே வெச்சுக்கிட்டு, "இடிக்குதுக்கா," அப்படின்னாரு, நான் செவிடுன்னு நெனச்சுக்கிட்டு.

"இடிக்கட்டும்!"

"கருகிப் போயிடும்லா."

"போகட்டும்!"

"மின்னலு ஒயர் வழியா வரும் தங்கச்சி," கோழித் தட்டுக்காரரு புத்தி சொன்னாரு. "எங்க தாமான்ல ஒருத்தரு வீட்டுல வாசிங் மெசினே வெடிச்சுது." அவரு சொன்னதும் உண்மைதான். அதுதான் எரிச்சல். இந்த ஊர்ல இந்தப் பயத்துக்கு எதிரா நீங்க ஒரு வாதமும் வைக்க முடியாது.

அண்ணனப் பாத்தேன். பாவம், அவரு வலது கை தானா பிளக்கு மேல போயி நிக்குது. வாழ்நாள் பழக்கம். புடுங்குறதுக்கு வெரலு துடிக்குது. "அண்ணே, இத நீங்க புடுங்குனா, புள்ளையோட ஒரு வருசம் போச்சு"ன்னேன். மவ சுவத்துல சாஞ்சு நின்னு, வாயில துப்பட்டா நுனியக் கடிச்சுக்கிட்டு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா.

அண்ணன் பிளக்குல இருந்து கைய எடுத்தாரு. உள்ள போனாரு. பாசார்ல மீன் வாங்கப் போறப்ப போடுவாரே, முட்டி வரைக்கும் வர்ற மஞ்ச ரப்பர் பூட்ஸ், அத மாட்டிக்கிட்டு வந்தாரு. கையில ரெண்டு பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறை, ஒன்னு பச்சை ஒன்னு ஊதா. வந்து, தோளச் சுவத்துல முட்டுக் குடுத்து, பிளக்கை ரெண்டு கையாலயும் சுவத்தோட அமுக்கிக்கிட்டு, முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நின்னாரு.

"கோடு எவ்வளவு போயிருக்கு?"

"பாதிண்ணே."

அடுத்த இடி கடைக் கூரை மேலயே விழுந்த மாதிரி இருந்துச்சு. லைட்டு ஒரு தடவ கண்ணடிச்சுது. அண்ணன் சத்தமா ஓத ஆரம்பிச்சாரு. நடுவுல நடுவுல, "இப்ப எவ்வளவு?" மறுபடி ஓதல். மாஸ்டரும் ஓதுனாரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல, எங்க தோட்டத்து முனியாண்டி சாமிய நான் ஒரு பக்கம் கூப்புட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு? இந்த மனுசனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஒரு கோப்புக்காக நான் இவர இங்க நிக்க வெச்சேன்னு ஆயிடும். "விட்டுருங்கண்ணே, போதும்"னு சொல்லக்கூடச் சொல்லிட்டேன். "சும்மா இரு தங்கச்சி"ன்னு என்னையே அதட்டுனாரு.

கோடு முடிஞ்சுது. "ஆச்சுண்ணே, எடுத்தாச்சு!"ன்னேன். அண்ணன் பிளக்கைப் புடுங்குன வேகத்துல பின்னால சாஞ்சு வெங்காய மூட்டை மேல உக்காந்துட்டாரு. கடையில எல்லாரும் கை தட்டுனாங்க. கோழித் தட்டுக்காரரு மறுபடி ஒரு கோழி சொன்னாரு.

மறுநாள் காலையில வீட்டுல உக்காந்து அந்த மெமரியத் தோண்டுனேன். பெரும்பாலும் இதுல சாவி கிடைக்காது. கெட்டிக்கார களவாணி, பூட்டுன கையோட சாவியத் தொடச்சுப் போட்டுருவான். இவன் மகா சோம்பேறி. சாவிய அப்படியே போட்டுட்டுப் போயிருக்கான், கதவ இழுத்துச் சாத்திட்டுச் சாவிய மெதியடிக்குக் கீழ வெச்ச மாதிரி. தொழில்ல இருக்குற மரியாதையே போச்சு. ஆனா அந்தச் சோம்பேறிக்கு அன்னைக்கு நான் வாயார நன்றி சொன்னேன். மத்தியானம் என் லேப்டாப்பயும், சாவியப் போட்டுக் கோப்பத் தொறக்குற சின்ன புரோகிராமையும் எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன்.

ஒவ்வொரு கோப்பாத் தொறந்துச்சு. மவ என்னைக் கட்டிப் புடிச்சு அழுதா. அப்புறம் முகம் கழுவ மாடியில இருக்குற வீட்டுக்குப் போனா. கட்டுரை சரியா வந்திருக்கான்னு நான் பக்கம் பக்கமா ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன். அண்ணன் துண்ட தோள்ல போட்டுக்கிட்டுப் பின்னால வந்து நின்னாரு. கட்டுரை இங்கிலீசுல. அண்ணனுக்கு மலாய் வாயில சரளம், இங்கிலீசு விலைப்பட்டியலோட சரி.

"என்ன எழுதியிருக்கா, சொல்லு தங்கச்சி."

"சாப்பாட்டுக் கடைகள்ல பொரிக்கிற எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடானா எப்படிக் கெடுதுன்னு ஆராய்ச்சிண்ணே."

"ஆமாமா! என் கடையிலயும் போத்தல்ல புடிச்சுக்கிட்டுப் போனா," அப்படின்னாரு பெருமையா. "அடுத்த பக்கம்?"

அடுத்த பக்கம் நன்றியுரை. மாஸ்டரும் அடுப்பக் குறைச்சுட்டு வந்து நின்னாரு. நான் தமிழ்ல சொல்லிக்கிட்டே போனேன். மேற்பார்வையாளருக்கு நன்றி. ஆய்வுக்கூட உதவியாளருக்கு நன்றி. அறைத் தோழிகளுக்கு நன்றி. கடைசி வரி, விடிய விடியப் படிக்கும்போது துணைக்குப் படுத்திருந்த விடுதி மஞ்சப் பூனைக்கு நன்றி. முடிஞ்சுது.

அண்ணன் காத்துக்கிட்டு நிக்கிறாரு. இன்னும் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! நேத்து மஞ்ச பூட்ஸ் போட்டுக்கிட்டு உசுரக் கையில புடிச்சு நின்ன மனுசன் இவரு. பூனைக்கு நன்றியாம், பூனைக்கு! என் தொழில்ல மொத சட்டம், இருக்குறத இருக்குறபடி சொல்லணும், சாட்சியத்துல கைய வைக்கக் கூடாது. என் வாய் அதக் கேக்கல. "கடைசியா, எல்லாத்துக்கும் மேல எங்க அத்தாவுக்கு, அவரு இல்லன்னா இந்தப் படிப்பு இல்ல," அப்படின்னு, அப்பாவ அவ கூப்புடுற மாதிரியே சொல்லிட்டேன்.

அண்ணன் மூஞ்சியப் பாக்கணுமே. துண்டால மூக்கத் தொடச்சாரு. மாஸ்டர் அவரு தோளத் தட்டுனாரு. நல்லது பண்ணிட்டோம்னு நான் நிம்மதியா மூச்சு விடுறதுக்குள்ள, "எந்த வரி?" அப்படின்னாரு.

"என்னண்ணே?"

"எந்த வரியில இருக்கு? வெரல வையி."

வேற வழி? கடைசி வரியில வெரல வெச்சேன். அண்ணன் போன எடுத்து, என் வெரலோட சேத்துப் படம் புடிச்சு, குடும்பக் குரூப்புக்கு அனுப்பிட்டாரு. ராமநாதபுரம், பினாங்கு, சிங்கப்பூர், எல்லாப் பக்கமும் போச்சு. எனக்கு வேர்த்துக் கொட்டுது. மாஸ்டர் தே போட்டுக் குடுத்தாரு, அத அப்படியே தள்ளி வெச்சுட்டேன்.

கொஞ்ச நேரத்துல ஒரு குரல் செய்தி வந்துச்சு. அண்ணன் எதையும் காதுல வெச்சுக் கேக்க மாட்டாரு, கடைக்கே கேக்குற மாதிரிதான் போடுவாரு. பினாங்குல ஒரு கடையில கணக்கு எழுதுற அக்கா மவன் குரல்: "மாமா, மாஷா அல்லாஹ். ஆனா இதுல பூனைன்னுல்ல போட்டிருக்கு? எந்தப் பூனை மாமா?"

மாஸ்டர் அடுப்புக்கு ஓடிட்டாரு. சிரிப்ப அடக்குறதுக்குத்தான். அண்ணன் என்னைப் பாத்தாரு. நான் மேசையப் பாத்தேன். அந்த நேரம் பாத்து மவ மாடியில இருந்து எறங்கி வந்தா.

அண்ணன் கோவப்படல. அதுதான் எனக்குத் தாங்கல. சின்னக் குரல்ல கேட்டாரு, "ஏம்மா, பூனைக்குச் சொன்ன, அத்தாவுக்குச் சொல்லலையா?"

அவளுக்கு மொகம் செத்துப் போச்சு. "எழுதித்தான் வெச்சிருந்தேன் அத்தா. அப்புறம் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"நாலு கடை எண்ணெயச் சோதிச்சேன். கடை பேரு போடல, ஏ கடை, பி கடைன்னுதான் போட்டிருக்கேன். உங்க பேரையும் கடையையும் போட்டு நன்றி சொன்னா, நாலுல ஒன்னு நம்ம கடைன்னு படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா என்ன?"

அவ மெதுவாத் திரும்புனா. பொரிக்கிற சட்டியப் பாத்தா. அதுல இருந்த எண்ணெய் மாஸ்டரோட கட்டங்காப்பி மாதிரி நெறத்துல இருந்துச்சு. பக்கத்து மேசையில பஜ்ஜியக் கடிக்கப் போன ஆளு, கடிக்காம அதத் தட்டுல வெச்சாரு.

அண்ணனும் சட்டியப் பாத்தாரு. கடைக்குப் பேரு கெட்டுப் போகும்னு யோசிக்கிறாருன்னு நெனச்சேன். வாடிக்கையாளருங்க முன்னால இத வேற பேச வெச்சுட்டோமேன்னு எனக்கு உள்ளுக்குள்ள கூசுச்சு. அப்புறம் அவரு மாஸ்டரக் கூப்புட்டாரு.

"சட்டிய எறக்கு. எண்ணெயக் கொட்டு."

மாஸ்டர் எறக்குனாரு. அண்ணன் மவ பக்கம் திரும்புனாரு.

"என் கடை எண்ணெய் மோசம்னு கண்டுபுடிச்சது யாரு? என் புள்ள. வேற எவன் கடையில, எவன் மவ இதக் கண்டுபுடிச்சா? படிக்கிறவன் படிக்கட்டும். என் பேரப் போடு, கடை பேரையும் போடு."

"அத்தா, நெசமாவா?"

நாக்காலிய இழுத்து லேப்டாப்புக்கு முன்னால போட்டு, அவள உக்கார வெச்சாரு. அவ கண்ணத் தொடச்சுக்கிட்டு, நன்றியுரையோட கடைசியில கொண்டுபோயிக் கர்சர வெச்சா. அண்ணன் குனிஞ்சு திரையப் பாத்து, நான் வெரல் வெச்ச அதே வரியக் காட்டுனாரு.

"அங்க இல்லம்மா. பூனைக்கு மேல போடு."